புது ஸ்மாஷ் மெதுவாக வரட்டும்

நிண்டெண்டோ தலைவர் மதிப்பிற்குரிய ஷுன்டாரோ ஃபுருகாவா அவர்களுக்கு,

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கடைக்கு வந்ததிலிருந்து 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' சண்டை கேமின் ரசிகர்களிடையே ஒரே பஞ்சாயத்து. அடுத்து வருவது புத்தம்புதுப் பாகமா, 2018-இன் 'அல்டிமேட்'டையே புதுக் கன்சோலுக்கு ஏற்றித் தருவீர்களா? புதுப் பாகம் கேட்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், என் ஓட்டு அல்டிமேட்டுக்கு.

அதில் பின்னால் சேர்ந்தவர்களோடு மொத்தம் 89 வீரர்கள். மரியோவும் லிங்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ரியூ கேப்காமின் ஆள், ஸ்னேக் கொனாமியின் ஆள், ஸ்டீவ் மைக்ரோசாஃப்டின் மைன்கிராஃப்டிலிருந்து வந்தவர். 2021 அக்டோபரில் கடைசியாக வந்த சோராவுக்கு டிஸ்னியின் சம்மதமும் தேவைப்பட்டது. புதுப் பாகம் என்றால் இத்தனை வாசலையும் மறுபடி ஏறி இறங்க வேண்டும். கட்டாயம் சிலர் கழன்றுகொள்வார்கள்.

புதியது என்பதாலேயே நல்லதாகவும் ஆகிவிடாது. 2001-இன் 'மெலீ'க்கு அடுத்து 2008-இல் 'ப்ரால்' வந்தது. அதில் ஓடத் தொடங்கும் வீரர் சில சமயம் காரணமே இல்லாமல் இடறி விழுவார்! போட்டிக்காரர்கள் பலர் மெலீயை விடவே இல்லை. இன்றும் மெலீ போட்டிகளில் பழைய குண்டு டிவிகளைப் பார்க்கலாம். தட்டைத் திரைகளின் தாமதம் அவர்களுக்கு ஆகாது.

அதற்காக 4கே பளபளப்பு பூசித் தந்தால் போதும் என்று சொல்லவில்லை. மாற வேண்டியது ஆன்லைன் ஆட்டம். ஸ்மாஷ் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேம். இப்போதைய அல்டிமேட், எதிராளி அழுத்திய பட்டன் வந்து சேர நேரம் கொடுப்பதற்காக நம் பட்டனையும் பிடித்து வைக்கிறது. இணைப்பு திணறினால் இருவரும் தண்ணீருக்குள் சண்டை போடுவது போலிருக்கும். ரோல்பேக் முறை அப்படிக் காத்திருக்காது. எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னே போய், சரியான பட்டனோடு மறுபடி கணக்கிட்டுத் திருத்திவிடும். சுமார் 17 மில்லிசெகண்டுக்குள் பல ஃபிரேம்களைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்பதால் பழைய ஸ்விட்சுக்கு அது பெரிய சுமை. புதிய சில்லுக்குத் தெம்பு கூடுதல். மெலீக்கு 2020-இலேயே ரசிகர்கள் 'ஸ்லிப்பி' மூலம் இதைச் செய்து காட்டினார்கள். அதை வைத்து நடக்கவிருந்த ஒரு போட்டியை உங்கள் நிறுவனம் நிறுத்தச் சொன்னது வேறு கதை.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய கன்சோலான வீ யூவின் 'மரியோ கார்ட் 8' 2017-இல் ஸ்விட்சுக்கு மாறி 6 கோடிக்கு மேல் விற்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் வீ யூ வைத்திருந்தவர்கள் சொற்பம், பலருக்கு அது புது கேம். அல்டிமேட் 3.5 கோடிக்கு மேல் ஏற்கெனவே வீடுகளில் இருக்கிறது, ஸ்விட்ச் 2-இலும் ஓடுகிறது. மறுபடி முழு விலை கேட்டால் நியாயமில்லை. செல்டா கேம்களின் ஸ்விட்ச் 2 மேம்பாட்டுக்கு வாங்கிய 10 டாலர் போதும். உங்களுடைய இன்னொரு சண்டை கேமான 'ஆர்ம்ஸு'க்கு அப்டேட்டை இலவசமாகவே தந்தீர்களே!

ஸ்மாஷ் இயக்குநர் சகுராய் 2025 நவம்பரில்தான் 'கிர்பி ஏர் ரைடர்ஸை' முடித்துக் கொடுத்திருக்கிறார். புதுப் பாகத்தை அவர் நிதானமாக யோசிக்கட்டும். அதற்குள் அல்டிமேட்டை உருவாக்கிய பண்டாய் நாம்கோவிலிருந்து ஒரு சிறு அணியை ஆன்லைனைத் திருத்த ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் அல்டிமேட் ஆட்டக்காரன்