கர்ப்பப்பை லேசாக வளைந்திருந்தால் குடியா முழுகிவிடும்?

பிழைப்புக்காகப் புனேயிலோ குர்கானிலோ வந்து குடியேறிய நம்மவர்கள் வீட்டில், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனால் போதும், ஊரிலிருந்து வரும் போனில் ஒரே கேள்விதான்: "ஏதும் விசேஷம் உண்டா?" அதற்குப் பயந்து ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டின் ஒரு மூலையில் 'ஆர்க்குவேட் யூட்ரஸ்' என்று எழுதியிருக்கும். டாக்டரம்மா இந்தியில் ஐந்து நிமிடம் பேசி அனுப்பிவிடுவார். மிச்ச பயத்தை இணையம் பார்த்துக்கொள்ளும். ராத்திரிக்குள் "மருமகளுக்குக் கர்ப்பப்பையில் கோளாறாம்" என்ற சேதி திருநெல்வேலி போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது வியாதி இல்லை.

தாய் வயிற்றில் இருக்கும் பெண்குழந்தைக்கு இரண்டு குழாய்கள் ஒட்டித்தான் கர்ப்பப்பை உருவாகிறது. நடுச்சுவர் பிறகு கரைந்துவிடும். கொஞ்சம் மிச்சமிருந்து மேல்பக்கம் லேசாக உள்ளே இறங்கியிருந்தால் அதுதான் ஆர்க்குவேட். இறக்கம் 1 செ.மீ.க்குக் குறைவாகவும், கோணம் 90 டிகிரிக்கு மேலும் இருந்தால் அது இயல்பான வடிவம்தான் என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது. 1988-ல் வந்த அமெரிக்கப் பட்டியலில் இதுவும் ஒரு குறைபாடு. 2013-ல் ஐரோப்பிய சங்கங்கள் போட்ட பட்டியலில் அந்தப் பிரிவே கிடையாது.

'ரெட்ரோவெர்டட்' என்பதும் அப்படித்தான். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. சுமார் ஐந்து பெண்களில் ஒருவருக்கு இப்படி இருக்கும். கர்ப்பம் தரிக்க அந்தச் சாய்வு தடையில்லை.

எல்லா வேறுபாடும் இப்படிச் சாதாரணமானது என்று சொல்ல மாட்டேன். இரண்டு கொம்பாகப் பிரிந்த கர்ப்பப்பை, பாதி மட்டும் வளர்ந்த கர்ப்பப்பை, ஆழமான நடுச்சுவர் இவற்றில் கருச்சிதைவுக்கோ குறைமாதப் பிரசவத்துக்கோ வாய்ப்பு கூடுதல். பாதி மட்டும் வளர்ந்திருந்தால் சிறுநீரகங்களையும் பார்த்துவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், சாதாரண ஸ்கேனில் ஒன்று இன்னொன்று மாதிரித் தெரியும்.

அதனால் "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இறக்கம் எத்தனை மில்லிமீட்டர்? 3டி ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ உறுதி செய்தாயிற்றா? வெட்டினால் என்ன நன்மை? ஏனென்றால், நிஜமான நடுச்சுவர் உள்ள 80 பெண்களை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆய்விலேயே, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகக் குழந்தை பிறக்கவில்லை. சின்ன ஆய்வுதான், டாக்டர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் லேசான வளைவுக்கே கத்தி எடுப்பவரிடம் கேள்வி கேட்க அது போதும்.

கடைசியாக, கணவன்மார்களுக்கு. அந்த ரிப்போர்ட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டும் முன், உங்கள் விந்துப் பரிசோதனையை முடித்துவிட்டீர்களா? கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. முதலில் அதைச் செய்துவிட்டு ஊருக்குப் போன் போடுங்கள்.