கையைச் சுடும் கியர் குமிழ்

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் வழியில் இருக்கிறது, கண்ணமங்கலம். கல்யாணப் பட்டு எடுக்கப் போகும் கார்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகின்றன.

அக்கினி நட்சத்திரத்தில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சேலை எடுப்பது என்ன, 5 நிமிட வேலையா? 2 மணி நேரம் கார் வெயிலில் காயும். திரும்பி வந்த டிரைவர் கியரில் கை வைக்கிறார். "அம்மாடி!" என்று கையை உதறுகிறார்.

காரணம், கியர் கம்பியின் தலையில் உள்ள குமிழ். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் குமிழையோ, தோல் சுற்றிய குமிழையோதான் போட்டுக் கொடுக்கின்றன. சிலர் அதைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் உலோகக் குமிழை மாட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாத வேலை.

மூடிய காருக்குள் நேர் வெயில் படும் உலோகம் 60 டிகிரிக்கு மேலும் சூடேறலாம். அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தாலே தோல் வெந்துவிடும்.

"பிளாஸ்டிக்கும் அதே வெயிலில்தானே கிடந்தது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், பிளாஸ்டிக் தன் சூட்டை மெதுவாகத்தான் கைக்குக் கொடுக்கும். உலோகமோ ஒரேயடியாகக் கொட்டிவிடும். தோசைக்கல் திருப்பிக்கு மரப்பிடி போடுவது எதற்காக? இதற்காகத்தான்.

உலோகத்திலும் வேறுபாடு உண்டு. அலுமினியம், எவர்சில்வரைப் போல 10 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். தொட்டவுடன் சுருக்கென்று சுடும். பித்தளை இரண்டுக்கும் நடுவே. எவர்சில்வர் கொஞ்சம் பொறுமைசாலி. ஆனால், அதே அளவு குமிழில் அது அதிகச் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும். ஏ.சி. போட்டாலும் ஆற நேரமாகும்.

மார்கழியில் ஊட்டிக்குப் போனால் கதை தலைகீழ். அதே குமிழ் கைச்சூட்டை உறிஞ்சும். விரல் கூசும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

வெயிலில் அப்படி முடியாது. நுனி விரலால் பயந்து பயந்து கியர் போடுகிறவர், எதிரே பஸ் வரும்போது என்ன செய்வார்? அவருக்காவது காய்த்துப்போன கை. காரில் ஏறும் குழந்தை முதலில் தொடுவது அந்தப் பளபளப்பைத்தான்!

வாங்கி மாட்டிவிட்டவர்கள், காரை நிறுத்தும்போது குமிழின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போகட்டும். பட்டு வேண்டாம், பழைய கைக்குட்டை போதும். கழற்றிய குமிழ் வீட்டில் கிடந்தால், கோடை முடியும் வரையாவது அதைத் திரும்ப மாட்டுவது இன்னும் நல்லது.