ஜெபமாலை கட்டும் பெண்களின் கூலி: பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஐந்து பத்துமணி கொண்ட ஜெபமாலையில் மொத்தம் 59 மணிகள்: அருள் நிறை மந்திரத்துக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6. கம்பி மாலையில் ஒவ்வொரு மணிக்குள்ளும் கம்பியை நுழைத்து, இரு முனையையும் குறட்டால் வளைத்து, அடுத்த மணியோடு பூட்ட வேண்டும். மணிக்கு 2 வளையம், மாலைக்கு 118, டஜனுக்கு 1,416. பதக்கமும் பாடுபட்ட சுரூபமும் கோப்பது தனி வேலை. 153 மணி மாலை என்றால் உழைப்பு இன்னும் கூடும். ஒரு வளையம் சரியாக மூடாமல் போனாலும் மாலை அறுந்துவிடும்.

இந்த வேலையைப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே செய்கிறார்கள். ஏஜென்ட் மணியும் கம்பியும் கொடுத்து, கட்டிய மாலையை எண்ணி வாங்கிக்கொள்கிறார். கூலி டஜன் கணக்கு. அதை அவரே தீர்மானிக்கிறார். விளக்கு வெளிச்சம், குறடு, கண்வலி, கழுத்துவலி எல்லாம் கட்டுபவர் கணக்கு. கூடமாட உதவும் பிள்ளைகளின் உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

இதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பொருளை வாங்கிப்போய் வீட்டில் செய்து தருபவரையும் 'தொழிலாளி' என்று வெளிப்படையாகவே சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் (2019) அதன் இடத்தைப் பிடித்தது. புதிய விளக்கத்தில் அந்த வாசகம் காணோம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்ற சொல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் (2020) இருக்கிறது. ஆனால் அது கூலியைப் பற்றிய சட்டம் அல்ல. 77 ஆண்டுகளாக ஏட்டிலாவது இருந்த உரிமை இன்று ஏட்டிலும் தெளிவாக இல்லை. வீட்டு வேலை பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. மாலை கட்டுபவர் கேட்பது தர்மம் அல்ல, இந்தத் தீர்ப்பு சொன்ன கூலி.

ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசு வகுக்கும் விதிகளில் வீட்டுத் தொழிலாளரின் பெயர் இடம்பெற வேண்டும். துண்டுக் கூலியைக் கணக்கிடுவதும் எளிது: தேர்ந்த ஒருவர் 8 மணி நேரத்தில் கட்டும் மாலைகளை எண்ணி, ஒருநாள் குறைந்தபட்சக் கூலியை அந்த எண்ணால் வகுத்தால் போதும். எந்த ஏஜென்ட்டும் அதற்குக் கீழே போகக்கூடாது. கூலிச்சீட்டும் கட்டாயமாக வேண்டும். பங்கு ஆலயங்களும் பள்ளிகளும் மொத்தமாக வாங்கும்போது இந்தச் சீட்டைக் கேட்டு வாங்கலாம்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அக்டோபர் ஜெபமாலை மாதம். மாலை அதிகம் விற்கும் நாள்களும், டஜனுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் நடக்கும் நாள்களும் இவையே. அந்தப் பத்து ரூபாய் கடைக்காரரின் லாபத்திலிருந்து போவதில்லை. 1,416 வளையம் முறுக்கிய விரல்களிலிருந்தே போகிறது. தெரிந்தே பேரம் பேசுகிறவருக்கும் கூலியைக் குறைக்கிற ஏஜென்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.