உழவர் பெட்ரோல் என்றொரு கதை

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தால், வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நம்மூர் விவசாயியின் மடிக்கு வந்துவிடுமாம். மேடையில் பிறந்து டீக்கடை பெஞ்சு வரை இறங்கிவிட்ட நம்பிக்கை இது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். இந்த வாக்கு எங்காவது பலிக்க வேண்டுமென்றால் வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும்தான் முதலில் பலித்திருக்க வேண்டும்.

ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் வடிக்கலாம். அதற்கு எண்ணெய் நிறுவனங்கள் தரும் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. ஆக, டன்னுக்கு 27,000 ரூபாய்க்கு மேல். மிஞ்சும் சக்கை தீவனமாகத் தனியே விலை போகும். மின்சாரம், நொதி, வங்கி வட்டி என்று ஆலைக்கும் செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலைக்கு அதன் விலை ஒப்பந்தத்தில் எழுதித் தரப்படுகிறது. 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்த ஆதரவு விலையை விவசாயிக்கு எழுதித் தருபவர் யார்? அந்த விலைக்கு வாங்க ஆளில்லாவிட்டால் அது வெறும் அறிவிப்பு. கரும்புக்காரருக்காவது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. வெட்டி அனுப்பிய 14 நாளில் பணம் வர வேண்டும் என்று எறையூர் சர்க்கரை ஆலை வாசலில் நின்று சட்டம் பேசலாம். களத்தில் கதிரைக் காயப்போட்டிருப்பவர் வியாபாரியிடம் எந்த ஆணையைக் காட்டுவார்?

விலை ஏறவே இல்லையா என்றால், ஏறியது. கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு 2023 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதும் ஆலைகள் சோளத்தின் பக்கம் திரும்பின. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனச் செலவு கடித்தது. உடனே என்ன நடந்தது? ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளத்தைக் கப்பலேற்றி வரவழைத்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க வந்த திட்டம் சோளத்தை இறக்குமதி செய்ய வைத்தது!

அடுத்த அடி அரிசியிலிருந்து விழுந்தது. இந்திய உணவுக் கழகம் கிலோவுக்கு ஏறக்குறைய 40 ரூபாய் செலவழித்துச் சேர்த்த அரிசியை, 22 ரூபாய் 50 காசுக்கு எத்தனால் ஆலைகளுக்குத் தர 2025இல் அரசு முடிவெடுத்தது. ஒதுக்கீடு 52 லட்சம் டன். மலிவாக அரிசி கிடைக்கும்போது சோளத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்? அவ்வாண்டு விளைச்சலும் அமோகம். ஆண்டு இறுதியில் கர்நாடகத்தில் குவிண்டால் 2,000 ரூபாய்க்கும் கீழே சரிந்து, விவசாயிகள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் பேச வேண்டிய நேரத்தில் ஊர் பேசுவது என்ஜின் உருகிவிடும் என்ற வாட்ஸாப் பீதியை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது; அதற்கு மேல் உருகுவதற்கு ஒன்றுமில்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகம், அது நல்லதுதான். நிஜமான இழப்பு மைலேஜில். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்பிலான இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்று நிதி ஆயோக் 2021லேயே எழுதிவிட்டது. அதற்கு ஈடாக வரிச் சலுகை தரலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டவில்லை. பங்கில் எத்தனால் கலக்காத சாதாரண பெட்ரோல் கேட்டாலும் கிடைக்காது.

அரியலூருக்கு வந்தால் இன்னொன்று தெரியும். சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும் ஏற்றி இந்த ஊர்ச் சாலைகளை நொறுக்கும் லாரிகள் ஓடுவது டீசலில். சோளக்காட்டை உழும் டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் டீசல்தான். நாட்டில் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் டீசல் எரிகிறது. 20 சதவீதக் கலப்பு அதைத் தொடவே இல்லை.

விவசாயிக்காகத்தான் இந்தத் திட்டம் என்பது உண்மையானால் அதை நிரூபிக்க எண்ணெய் நிறுவனங்களின் டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனை போதும்: மக்காச்சோளத்தை ஆதரவு விலைக்குக் குறையாமல் வாங்கியதற்கு ரசீது காட்டும் ஆலைக்கே 71 ரூபாய் 86 காசு.