"உங்களுக்கு ஏன் இது?" என்று கேட்க முடியாது

வாசகியரே, கிணற்று நீரில் வாடை மாறினால் அதை முதலில் அறிபவர்கள் சமைப்பவர்களும் துவைப்பவர்களுமே. அருகிலுள்ள தொழிற்சாலை எதை வெளியேற்றுகின்றது என்று விசாரிக்கப் போனால், "உங்களுக்கு ஏன் இது?" என்ற கேள்விதான் பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கும்.

அப்படிக் கேட்கவே கூடாது என்று கூறும் சர்வதேச சமவாயம் ஒன்று உண்டு. 1992இல் றியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 10ஆவது கோட்பாடு இதற்கு வித்திட்டது. 1998 யூன் 25இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இச்சமவாயம், 2001 ஒக்டோபர் 30இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றாடல் தகவலைப் பெறுதல், தீர்மானங்களில் பங்குபற்றுதல், மறுக்கப்பட்டால் நீதி தேடுதல் ஆகிய மூன்றையும் இது உரிமைகளாக்கியது. காரணம் கூறாமலே எவரும் தகவல் கேட்கலாம். பிரஜையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பொதுவாக ஒரு மாதத்திற்குள் பதில் வர வேண்டும். வியாபார இரகசியம் என்று சிலவற்றை மறுக்க இடமுண்டு. ஆனால் சுற்றாடலைப் பாதுகாப்பதற்குத் தேவையான, வெளியேற்றப்படும் மாசு பற்றிய தகவலை அப்படி மூடி வைக்க முடியாது. என் பார்வையில் இதுவே அதன் உயிர்நாடி.

ஏட்டுச் சுரைக்காயோ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வெளிநாட்டுக் கதிரியக்கக் கழிவுகளைக் கசகஸ்தானுக்குக் கொண்டுவந்து புதைக்க ஒரு யோசனை எழுந்தது. அதன் சாத்தியவள ஆய்வைக் காட்டும்படி அல்மாட்டி நகரின் சுற்றாடல் அமைப்பொன்று தேசிய அணுசக்திக் கம்பனியிடம் கேட்டது. கிடைக்கவில்லை. நீதிமன்றங்களிலும் பயனில்லை. இறுதியில் சமவாயத்தின் இணக்கக் குழுவிடம் முறையிட்டது. அரசுகள் மட்டுமன்றிப் பொதுமக்களும் அங்கு முறையிடலாம் என்பது சர்வதேச உடன்படிக்கைகளில் அபூர்வமானது. கசகஸ்தான் சமவாயத்தை மீறியுள்ளதாகக் குழு கண்டது. 2005 மே மாதம் உறுப்பு நாடுகளின் கூட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. அக்கூட்டம் நடைபெற்றதோ அதே அல்மாட்டியில்!

ஆயினும் குழுவிடம் பொலிஸ் இல்லை, சிறை இல்லை. கண்டிக்கலாம், ஆலோசனை கூறலாம், அவ்வளவுதான். கண்டனத்துக்குள்ளான பெலாரஸ் 2022இல் சமவாயத்தை விட்டே விலகியது. மறுபுறம், லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளின் எஸ்காசு உடன்படிக்கை 2021இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றாடலுக்காகக் குரல் கொடுப்போரைப் பாதுகாக்கும் கடமையையும் அது அரசுகள் மீது சுமத்துகின்றது. அப்பிராந்தியத்தில் அவ்வாறானோர் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

இலங்கை ஆர்ஹஸ் சமவாயத்தில் சேரவில்லை. எனினும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு இருக்கின்றது. அது பிரஜைகளுக்கு மாத்திரமானது. ஆனால் இங்கும் காரணம் கூறத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுதிக்கொள்வதும் அவரது கடமையே.