ஐந்தரை மணிக்குப் பிள்ளை யார் கையில்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சிடாம் கிரி பக்கம் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. விடியற்காலை ஐந்தரை மணி. தோளில் தூங்கும் பிள்ளையோடு ஓர் இளம் தாய் வாசல் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள். மறு கையில் ஒரு பை. அதற்குள் பேம்பர்ஸ், இரண்டு மாற்றுத்துணி, மூன்று வேளைக்கு அளந்து போட்ட பால்மாவு டப்பா. எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. சுபுஹு தொழுகைக்காக எழுந்துவிட்ட மக்சிக், அந்த வீட்டு மலாய்க்கார அம்மா, கதவைத் திறந்து கை நீட்டுகிறார். பிள்ளை தோள் மாறுகிறது, விழிக்கவில்லை. ஆனால் அம்மாவின் கழுத்தில் தொங்கும் தொழிற்சாலை அட்டையின் நாடாவை அதன் விரல்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்கிறாள். முனையில் தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடிக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில், ஏறக்குறைய இதே நேரத்தில், தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் ஒருத்தி இப்படித்தான் விரல் பிரித்திருப்பாள். அவள் கையில் பையில்லை, பால் வாளி. போகும் இடம் சிலிக்கான் சில்லு செய்யும் ஆலையில்லை, ரப்பர் மர நிரை. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டில் வெட்டத் தொடங்க வேண்டும். இன்றைய ஆலை இயந்திரத்துக்கு வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. அது நிற்கக்கூடாது, அதனால் ஏழிலிருந்து ஏழு வரை பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. காரணம் மாறிவிட்டது, மணி மாறவில்லை. கெடாவில் உழைக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை எப்போது படுக்கையிலிருந்து தூக்கப்படும் என்பதை அதன் தூக்கம் ஒரு தலைமுறையிலும் முடிவு செய்ததில்லை.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர்கள் 'சிடாம் கிரி' என்றதும் மலை எங்கே என்று தேடுவார்கள். மலாயில் 'கிரி' என்றால் இடது பக்கம். கூலிம் பக்கம் சிடாம் கானான் இருக்கிறது, அது வலது. மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அயல்நாட்டுத் தமிழர் வாழ்க்கையைப் பற்றி அங்கிருந்து எழுதப்படுவதில் பாதி இந்த மாதிரிதான், காதில் விழுந்த ஓசைக்குத் தெரிந்த அர்த்தத்தைப் பூட்டிவிடுவது. வெளிநாட்டில் கைக்குழந்தையோடு வாழ்வது என்றாலே அவர்கள் மனத்தில் வருவது நியூ ஜெர்சியும் பனிக்காலமும்தான். அங்கே ஆறு மாதம் பெண்ணின் அம்மா, ஆறு மாதம் பையனின் அம்மா என்று விசாவுக்குத் தக்கபடி பாட்டிமார் முறைவைத்து விமானம் ஏறுகிறார்கள். கப்பலேறி வந்தவர்களுக்குப் பாட்டியை வரவழைக்க வழியிருக்கவில்லை.

1910-இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி எடுப்பது நின்று, கங்காணி முறையே எல்லாமானது. கங்காணி தன் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் ஆள் திரட்டியதால் குடும்பமாக வருபவர்கள் கூடினார்கள். ஆனாலும் அவன் தேடியது வேலை செய்யும் உடம்பை. புருஷன் வந்தான், பெண்டாட்டி வந்தாள், இடுப்பில் ஒன்று வந்தது. கிழவி ஊரிலேயே நின்றுவிட்டாள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காட்டுச் சனங்கள் தோட்டத்து லயத்தில் குடியேறியபோது அங்கே இல்லாமல் போனது பாட்டி ஒருத்திதான்.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் ஆயா. இந்தச் சொல் எனக்கு எப்போதும் வியப்பு. போர்ச்சுக்கீசியர் பிள்ளை வளர்க்கும் தாதிக்குச் சொன்ன சொல் இந்தியா முழுதும் பரவி, வெள்ளைக்கார துரை வீட்டு 'ஆயா'வானது. வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் 'ஆயா' என்றால் பாட்டி. சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பவளும் சொந்தப் பாட்டியும் ஒரே ஓசையில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே சந்தித்துக்கொண்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை. நானும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன்தான்.

நீளமான கொட்டகை, சிமெண்டுத் தரை, இடுப்பளவு மரச்சட்டம். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். எது யாருடைய தொட்டில் என்பதைச் சேலைக்கரையை வைத்துச் சொல்லிவிடலாம். நாலைந்து தொட்டிலை ஒரே கயிற்றில் கோத்து, அந்தக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆயா வெற்றிலை இடிப்பார். ஒன்று அழுதால் எல்லாத் தொட்டிலும் ஆடும். நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காட்டையே பார்த்து நிற்கும். வெட்டு முடிந்து பால் எடுக்கப் போகும் முன் கிடைக்கும் இடைவேளையில் அம்மாக்கள் ஓடி வருவார்கள். ஒட்டுப்பால் நாற்றம் முதலில் வரும், பிறகுதான் அம்மா வருவார். முழங்கைவரை கழுவிக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும் அந்தக் கால்மணி நேரம் முழுக்கக் கொட்டகையில் பேச்சே இருக்காது. அம்மாவின் வாசனை எதுவென்று என்னைக் கேட்டால் இன்றும் அந்த நாற்றத்தைத்தான் சொல்வேன்.

இதைச் சொன்னால் கண்ணீர் விட ஆளிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொட்டகை கருணையால் கட்டப்பட்டதில்லை. 1920களின் கடைசியில் மலாயாவின் பல பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென் என்று நிர்ணயித்திருந்தார்கள். பத்து சென் மலிவான கை அவளுடையது. அந்தக் கை தொட்டிலில் மாட்டிக்கொண்டால் நிரை வெட்டப்படாமல் கிடக்கும். கிழவி ஒருத்திக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்தால் இருபது கைகள் காட்டுக்குப் போகும் என்பது எந்தத் தோட்டக் கிராணிக்கும் புரிகிற கணக்கு. கொட்டகைப் பிள்ளைகள் வெறுங்காலோடு திரிந்து கொக்கிப்புழு வாங்கின. இனிப்பு டின் பாலைக் கரைத்துக் குடித்துத் தேறாமல் போயின. டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று விற்பது கொலைக்குச் சமம் என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் வியாபாரிகள் முகத்துக்கு நேராகப் பேசினார். அந்தப் பேச்சு நம் லயங்களுக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கெட்ட கணக்குக்குள் ஒரு நல்ல ஒப்புதல் ஒளிந்திருந்தது. ஒரு பெண்ணை விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிடுகிறவன், அவள் இடுப்பிலிருந்து இறக்கிவிடும் பிள்ளைக்கும் ஓர் இடம் காட்ட வேண்டும், அதற்கான செலவு அவன் கணக்கில் எழுதப்பட வேண்டும். தோட்டத்தோடு நாம் தொலைத்த பலவற்றில் இது ஒன்று. இதைத் தொலைத்ததை நாம் கவனிக்கக்கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மற்ற இடங்களில் என்ன ஆயிற்று? இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. பெயர் மாறி, சிறுவர் அபிவிருத்தி நிலையமாக இன்றும் தோட்டங்களில் இருக்கிறது. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. அதே ஐம்பது என்ற எண் 2017-இல் மகப்பேறு சட்டத் திருத்தத்தில் மறுபடி வந்தது. இந்த முறை அது ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தியது. எத்தனை முதலாளிகள் அதை மதிக்கிறார்கள் என்பது வேறு பேச்சு. கொட்டகை காட்டை விட்டு நகரத்துக்கு நடந்து வந்துவிட்டது, அதுதான் விஷயம்.

நம் ஊரில் அது காட்டிலேயே நின்றுவிட்டது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு வசதிச் சட்டத்தில், அதாவது சட்டம் 446-இல், குழந்தைக் காப்பகத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. ஆனால் செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் இன்று குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த அந்நியத் தொழிலாளர்கள். பிள்ளைகள் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் பிளாட்டுகளுக்கும் போய்விட்டன. 1996-இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும், பாலத்துக்கு அந்தப்புறம் பினாங்கு ஆலைகளும் அவர்களை எடுத்துக்கொண்டன. காப்பகச் சட்டம் இருக்கும் இடத்தில் பிள்ளையில்லை, பிள்ளை இருக்கும் இடத்தில் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டமில்லை. தனியார் ஆலைகளுக்கு வரிச்சலுகை காட்டி ஆசைகாட்டுவதோடு சரி.

மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 சனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. நல்ல விஷயம், தகப்பனுக்கும் ஏழு நாள் கிடைக்கிறது. தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்போ நான்கு வயதுக்குமேல்தான். தொண்ணூற்றெட்டாம் நாளிலிருந்து நான்கு வயதுவரை பிள்ளை எங்கே? தஸ்கா எனப்படும் காப்பகத்தில் என்கிறது 1984-ஆம் ஆண்டின் சட்டம் 308. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒரு பணியாளர், மூன்று வயதுவரை ஐந்துக்கு ஒருவர். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை ஐந்தரைக்குத் திறக்கும் தஸ்கா எது? அலுவலக நேரத்துக்குத் திறந்து மூடும் இடம் ஷிப்டுக்காரிக்கு உதவாது. அதனால் அவள் எதிர்வீட்டு மக்சிக்கிடமோ பின்தெரு அக்காவிடமோ போகிறாள். நான்கு பிள்ளைக்குக் குறைவாகப் பார்க்கும் வீடு அந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. பதிவு செய்த காப்பகத்துக்குக் கட்டிய பணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரியில் கழிவு உண்டு. மக்சிக் ரசீது எழுதுவதில்லை. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்காதவளுக்கு ரசீது இருந்தும் பயனில்லை. நாட்டில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 56 சதவீதம் பேர்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், ஆண்களில் 80-க்கும் மேல். இந்த இடைவெளியைப் பற்றி மாநாடு நடத்துபவர்கள் ஒருநாள் ஐந்தரை மணிக்கு எழுந்து வர வேண்டும்.

'பாட்டி எங்கே போனாள்?' என்று கேட்கலாம். அவள் சுங்கைப்பட்டாணியில் ஏதோ ஒரு கடைத்தொகுதியில் தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். தோட்டச் சம்பளத்தில் சேர்ந்த சேமநிதி, ஐம்பத்தைந்து வயதில் கையில் வந்து சில வருடத்தில் கரைந்துபோயிற்று. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவளுக்கும் வசதியில்லை.

இதற்கிடையே மேடைகளில் வேறொரு கவலை. மலாய்க்காரர் வீட்டில் வளரும் நம் பிள்ளை பாலைச் 'சூசு' என்கிறதாம், குளிப்பதை 'மண்டி' என்கிறதாம், தமிழ் போய்விடுமாம். இரண்டு வயதுப் பிள்ளை மூன்று மொழியைத் தாங்கும். ஏழு மணிக்கு ஷிப்டு முடிந்து திரும்பும் அம்மாவுக்குப் பேசத் தெம்பிருந்தால் தமிழும் வரும். தமிழ் போகிறதென்றால் அது மக்சிக்கின் வாயால் போவதில்லை, பன்னிரண்டு மணி ஷிப்டால் போகிறது. நான் பார்த்த அந்த மக்சிக் மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் பிள்ளைக்குத் தனிச்சட்டியில் முட்டை பொரித்து வைக்கிறார். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. வாசல்நிலையில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிட்ட சாரோங் தொட்டிலில் நம் பிள்ளை தூங்குகிறது. சேலைக்குப் பதில் சாரோங், கால் பெருவிரலுக்குப் பதில் ஸ்பிரிங். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் யாரும் ஒரு காசு உதவவில்லை என்பதுதான் குறை.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய முதல் தோட்டம் இங்கிருந்து தொலைவில்லாத புக்கிட் சிடிம், 1961-இல். ஒரு தோட்டத்தையே வாங்க முடிந்த கைகளுக்கு ஒரு கொட்டகை பெரிய காரியமா? காப்பகங்களில் சமூகக் காப்பகம் என்று ஒரு வகையே உண்டு. பத்துத் தாய்மார், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பெண்கள், ஷிப்டுக்குத் தகுந்த நேரம், ஆலையிடமிருந்து வாடகைக்கு ஒரு பங்கு, இவ்வளவுதான் வேண்டும். இடமும் இருக்கிறது. தாமானுக்குத் தாமான் கோயில் மண்டபம் கட்டியிருக்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டுத்தான் தொங்குகிறது.

இதை ஒரு கோயில் ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொறுப்பிலிருந்த பெரியவர், கோபமில்லாமல்தான் சொன்னார்: "தம்பி, பிள்ளைங்க மண்டபத்துல ஒண்ணுக்குப் போயிடுங்களே, போன வருசந்தான் டைல்ஸ் போட்டோம்."

அவரும் கொட்டகைப் பிள்ளைதான். என் தொட்டிலுக்கு இரண்டு தொட்டில் தள்ளி, பச்சைக்கரைச் சேலை.