கரும்புச் சாறு விற்பனை கட்டுப்படியாகுமா?

ஆலைப் பணம் கைக்கு வரத் தாமதமாகும்போது, கரும்பு விவசாயிகள் பலருக்குச் சாலையோரச் சாறு வண்டியின் மேல் கண் போகிறது. சீவிய கரும்பு ஒரு கிலோவில் ஏறக்குறைய அரை லிட்டர் சாறு இறங்கும். ஐஸ் சேர்த்தால் மூன்று கிளாஸ். கிளாஸ் 20 ரூபாய் என்றால் 60 ரூபாய். ஆலைக் கரும்புக்கோ 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை, சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால், டன்னுக்கு 3,550 ரூபாய். அதாவது கிலோ மூன்றரை ரூபாய்தான். இந்த ஒரு கணக்கை நம்பிக் கடன் வாங்கி எந்திரம் போடுவது உசிதமல்ல.

நாளைக்கு 200 கிளாஸ் விற்றாலும் செலவாகும் கரும்பு 67 கிலோ. மார்ச் முதல் ஜூன் வரை 120 நாளும் தவறாமல் விற்றால் எட்டு டன். ஏக்கருக்கு 40 டன் எடுப்பவருக்கு இது 20 சென்ட் கரும்பு. மீதி 80 சென்டும் ஆலைக்கோ வெல்லம் காய்ச்சவோதான் போயாக வேண்டும். எனவே சாறு வண்டி கரும்புக்குச் சந்தை ஆகாது. குடும்பத்தில் ஒருவருக்குக் கோடைக்காலப் பிழைப்பு, அவ்வளவே.

அந்தப் பிழைப்பையும் கணக்குப் பார்க்கலாம். 200 கிளாஸுக்கு வரவு 4,000 ரூபாய். ஆள் கூலி 700, சொந்தக் கரும்புக்கு ஆலை விலைப்படி 240, ஐஸ், எலுமிச்சை, இஞ்சி, பேப்பர் கப், டீசல், இட வாடகைக்கு 1,300 என்று வைத்தால் 1,760 மிஞ்சும். எந்திரத் தேய்மானம் தனி. கோடை மழை பிடித்து 40 கிளாஸோடு நின்றுவிட்டால் வரவு 800தான். கூலிக்கும் வாடகைக்குமே அது பற்றாது. ஆள் வைத்து நடத்துபவருக்குக் கையைக் கடிப்பதும், குடும்பத்தோடு நிற்பவர் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

தோட்டக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே வெட்டலாம். கட்டுக் கட்டாக வாங்கி அடுக்கும் கடைக்காரருக்குக் கரும்பு காய்ந்து சாறு குறையும். பிழிந்த சாறோ சில மணி நேரத்தில் கறுத்துப் புளிக்கத் தொடங்கும். ஆள் வந்து கேட்ட பிறகு பிழிவதே சரி.

ஐஸில் மட்டும் சிக்கனம் கூடாது. உணவுக்கு உதவாத ஐஸ்கட்டிக்கு நீலச் சாயம் சேர்க்க வேண்டுமென்று 2018இல் உத்தரவே வந்தது. மீன் பெட்டிக்குப் போகிற கட்டியை உடைத்துப் போடுபவரிடம் ஊர்க்காரர்கள் மறுமுறை வரமாட்டார்கள்.

முதல் கோடைக்கு எந்திரத்தை வாடகைக்கு எடுப்பது நல்லது. விற்ற கிளாஸை நாள்தோறும் நோட்டில் குறித்து, மழை நாளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு சொந்த எந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.